அவரைப் பந்தலுக்கு எதுக்குப் பந்தூக்?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். கோபமா எழுதியிருக்கேன். அதுல பாதிக் கோபம் என் மேலயேதான், அதனால யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் குவாலியர் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஒரு வீட்டு மொட்டை மாடியில கூடினோம். மே மாசத்து குவாலியர் தெரியுமில்லையா, ராத்திரி எட்டு மணிக்கும் கைப்பிடிச் சுவர் சுடும். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மோர் மிளகாய். பேச்சும் வழக்கமானதுதான். யாருக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல கன்ஃபார்ம் ஆச்சு, யார் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட், யாருக்கு எந்த ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர்.

அப்போ ஒரு தம்பி என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனார். போன வருஷம்தான் ஊர் எல்லையில மனை வாங்கி, வீடு கட்டிக் குடி போனவர். பின்பக்கம் நல்ல தோட்டம் போட்டிருக்கார். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. "அண்ணா, ஆர்ம்ஸ் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணப் போறேன். நீங்க வெச்சிருந்தவர்தானே, ஃபாரத்தை எப்படி எழுதணும்னு கொஞ்சம் சொல்லிக் கொடுங்க. போலீஸ் விசாரணைக்கு வந்தா ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்லுங்க" அப்படின்னார்.

எதுக்குப்பான்னு கேட்டேன். தோட்டத்துல குரங்கும் நீல்காயும் ஒண்ணும் மிச்சம் வைக்கிறதில்லையாம். பக்கத்துத் தெருவுல ரெண்டு வீட்டைப் பூட்டு உடைச்சுட்டாங்களாம். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "சுத்தி இருக்கிற எல்லார் வீட்டுலயும் இருக்குண்ணா, நம்மகிட்ட மட்டும் இல்லைன்னா மதராஸிதானேன்னு இளக்காரமாப் பாக்கிறாங்க" அப்படின்னார்.

சாப்பிடக் கூப்பிட்டதால பேச்சு அங்கேயே நின்னுபோச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். முடியாது தம்பி. ஃபாரம் எழுத உதவ மாட்டேன். போலீஸ் வந்து கேட்டா நீங்க நல்ல மனுஷன்னு சொல்வேன். அந்த வீட்டுல துப்பாக்கி வேண்டாம்னும் சொல்வேன்.

சென்னை, கோவையில இருந்து படிக்கிறவங்களுக்கு இது விநோதமா இருக்கும். நம்ம ஊர்ல துப்பாக்கின்னா திருவிழாக் கடையில பலூன் சுடறதுதான். இங்கே அப்படி இல்லை. இது சம்பல் பள்ளத்தாக்கு. பைக்ல ஒரு கையால ஹேண்டில்பாரைப் பிடிச்சுட்டு, தோள்ல துப்பாக்கியை மாட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாமாக்களை நான் இங்கே வந்த 2009-லயே பாத்து வாயைப் பிளந்திருக்கேன். உள்துறை அமைச்சகம் 2016 டிசம்பர் வரைக்கும் எடுத்த கணக்குப்படி நாடு முழுக்க சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ். உ.பி.யில மட்டும் 12 லட்சத்துக்கும் மேல. ம.பி.யில ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டுல? 22 ஆயிரத்துச் சொச்சம். நம்ம வீட்டுப் பெரியவங்க துப்பாக்கி இல்லாமலேதான் வயலையும் தோப்பையும் காத்தாங்க, களத்துல நெல்லைக் குவிச்சு வெச்சுட்டுப் பக்கத்துலயே கட்டில் போட்டுத் தூங்கினாங்க.

இங்கே இந்த ஆசை எவ்வளவு பெருசுன்னு அதிகாரிங்களுக்கும் தெரியும். பக்கத்து ஜில்லா சிவ்புரியில 2008-ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா துப்பாக்கி லைசென்ஸ்ல முன்னுரிமைன்னு சொல்லி ஆம்பளைங்களை ஆஸ்பத்திரிக்கு வரவெச்சாங்க. வரிசையில வந்தும் நின்னாங்க! 2019-ல குவாலியர் கலெக்டர் ஒருத்தர், லைசென்ஸ் வேணுமா, முதல்ல பத்து மரக்கன்னு நட்டு, பராமரிச்சு, செல்ஃபி எடுத்துட்டு வான்னு உத்தரவு போட்டார். செய்தியைப் படிச்சுட்டு நான் தங்கமணிகிட்ட சொன்னேன், மனுஷன் கன்னோட நிறுத்தியிருக்கலாம், எதுக்கு கடைசியில 'கன்' கொடுக்கிறார்னு. :-)

சரி, என் கதை. நான் யோக்கியன் இல்லை. நானும் வாங்கினவன்தான்.

2012-ல முரார் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினோம். தங்கமணிக்கு இங்கே ஸ்கூல் வேலை. எனக்கு மொரேனா, தாதியா, மறுபடி குவாலியர்னு சுத்திச் சுத்தியே போஸ்டிங். பின்பக்கம் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல மண். அம்பாசமுத்திரத்துல இருந்து விதை கொண்டு வந்தேன். அவரை, சீனியவரை (மத்த ஊர்க்காரங்களுக்குக் கொத்தவரை), பாகல், பீர்க்கு, நாட்டுக் கத்தரி. 2013 மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா பின்கதவு பூட்டு உடைஞ்சிருந்தது. நகை பேங்க் லாக்கர்ல இருந்ததால தப்பிச்சது. டிவி, கேஸ் சிலிண்டர், வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளைப் பானை ஒண்ணு விடாமப் போச்சு. பொருள் போனதைவிட, நம்ம பீரோவை யாரோ குடைஞ்சு துணியெல்லாம் தரையில கிடந்தது பாருங்க, அதுதான் தங்கமணியை உலுக்கிடுச்சு. ஒரு வாரம் விளக்கை அணைக்காமத் தூங்கினோம். அதனால தம்பி, உங்க பயத்தை நான் கேலி பண்ணலை.

பக்கத்து வீட்டு டாக்குர் சாப்தான் சொன்னார், ஒரு பந்தூக் வாங்கிப் போடு, ஒருத்தன் கிட்ட வரமாட்டான்னு. எட்டு மாசம் தாணாவுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடந்தேன். 2014 தொடக்கத்துல ஒற்றைக் குழல் 12 போர் ஒண்ணு வீட்டுக்கு வந்தது. டாக்குர் சாப் லட்டு வாங்கிட்டு வந்து வாழ்த்தினார். அதுக்கு முந்தி இந்தக் காலனியில இவ்வளவு பேர் கைகுலுக்கினதில்லை.

வாங்கின சூட்டோட என்ன நடந்தது தெரியுமா? நாடாளுமன்றத் தேர்தல் அறிவிச்சாங்க. ஸ்டேஷன்ல ஒப்படைன்னு சொல்லிட்டாங்க. ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வந்தேன். தேர்தல் முடிஞ்சு திரும்பி வாங்கறதுக்குள்ள கோடை லீவு. ஊருக்குப் போகணும். பூட்டின வீட்டுல துப்பாக்கியை வெச்சுட்டு எப்படிப் போறது? திருடனுக்கு டிவியைவிட அதுதானே லாபம்? அது திருடு போய் அதுல எவனாவது செத்தா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க? ம.பி. லைசென்ஸை வெச்சுட்டு அதை அம்பாசமுத்திரத்துக்குத் தூக்கிட்டும் போக முடியாது. ஆக, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில வாடகை கொடுத்து வெச்சுட்டுப் போனேன். பூட்டின வீட்டைக் காப்பாத்தத்தானே வாங்கினோம்? வீடு பூட்டியிருக்கிற அந்த ஒரு மாசம் அது வீட்டுல இருக்கவே இல்லை. வருஷா வருஷம் இதேதான். நான் பி.காம் படிச்சவன். சொத்துப் பக்கம் எழுதினேன், அது பொறுப்புப் பக்கத்துல போய் உக்காந்துக்கிச்சு. கன்டிஞ்சென்ட் லயபிலிட்டின்னு ஒண்ணு படிச்சோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது.

இப்போ தம்பியோட முதல் காரணம், தோட்டம்.

குரங்கைச் சுடுவீங்களா? உங்க தெருவுல செவ்வாய்க்கிழமை அனுமான் கோயில் வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்திருக்கீங்கதானே? ஒரு குரங்கு மேல ஒரு சில்லு பட்டாலும் போதும், அதுக்கப்புறம் அந்த ஊர்ல நீங்க வீட்டை விக்கிறதுதான் பாக்கி. நீல்காய்? பேர்ல இருக்கிற 'காய்' பசு, அது தின்கிறதோ நம்ம காய். உண்மையில அது மான் வகை. ஆனா பேர்லயே பசு இருக்கிறதால இங்கே பாதிப் பேர் அதுமேல கை வைக்க மாட்டாங்க, மீதிப் பேரைத் தடுக்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. உரிய அனுமதி இல்லாமச் சுட்டா குற்றம். பயிர் நாசம்னு ஏக்கர் கணக்குல அழுகிற விவசாயியோட நியாயம் வேற. பீஹார்ல 2015 கடைசியில மத்திய அரசே சில ஜில்லாவுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு நீல்காயை அழிக்கத்தக்க பிராணின்னு அறிவிச்சது. அந்த விவாதம் நடக்கட்டும். அதுக்கும் உங்க ரெண்டு பாத்தி முள்ளங்கிக்கும் என்ன சம்பந்தம்? மயில் வந்து நாத்தைக் கொத்துது, அதுவும் உண்மை. அது தேசியப் பறவை. நினைக்கவே நினைக்காதீங்க.

சரி, உங்க தோட்டத்தோட நிஜமான எதிரி யார்னு பதினாலு வருஷமா இந்த மண்ணைக் கிளறினவன் சொல்றேன். பாகற்காய்க்குப் பழ ஈ. பிஞ்சுலயே குத்தி முட்டை வெச்சுட்டுப் போயிடும், காய் கோணிக்கிட்டு மஞ்சளாகி உள்ள புழு நெளியும். 12 போரால அதைச் சுட முடியுமா? விழுந்த காயை அன்னன்னைக்குப் பொறுக்கி, பையில கட்டி வெயில்ல போடணும். அதுக்குக் குனியணும், அவ்வளவுதான். அவரைக்கு அசுவினி. கொழுந்துல கருப்பா அப்பிக்கும். காலையில தண்ணியைப் பீச்சி அடிச்சு, வேப்பெண்ணெயில சோப்புத் தண்ணி கலந்து தெளிக்கணும். கத்தரிக்கும் தக்காளிக்கும் ஜனவரி உறைபனி. ராத்திரியோட ராத்திரியா இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி ஆயிடும். சாயந்திரமே தண்ணி பாய்ச்சி மண்ணை ஈரமா வைக்கணும், மேல பழைய புடவையைப் போத்தணும். கறிவேப்பிலைக் கன்னு முதல் ரெண்டு குளிர் தாங்கறதே கஷ்டம். ஊர்ல இருந்து கொண்டு வந்த நாலு கன்னைக் கொன்னுட்டு, அஞ்சாவதைத் தொட்டியில வெச்சு டிசம்பர்ல வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துதான் பிழைக்க வெச்சேன். இப்போ அது தலைக்கு மேல இருக்கு. காலனியில பாதி வீட்டுக்கு அதுலேர்ந்துதான் மீட்டா நீம் போகுது.

குரங்குக்கு வலை. மேலயும் நாலு பக்கமும் நைலான் வலை, மூங்கில் கம்பு. அசிங்கமா இருக்கும், ஆனா வேலை செய்யும். வலை போடறதுக்கு முந்தி ஒரு வருஷம் முழுக்கத் துப்பாக்கி இருந்த வீட்டுல ஒரு சுரைக்காய்கூட நாங்க சாப்பிட்டதில்லை. டாக்குர் சாப் வானத்தைப் பாத்து ஒண்ணு வெடிச்சுப் பாருன்னார். தோட்டாவுக்குக் கணக்கு இருக்கு, குடியிருப்புக்கு நடுவுல வெடிச்சா கேஸ் இருக்கு. அதையெல்லாம் விட, குரங்கு பட்டாசு பாக்காததா? தீபாவளிக்கே அசையாதவங்க அவங்க.

அடுத்தது திருடன். இதுலதான் நம்மாளுங்க சினிமா பாத்துக் கெட்டுப் போயிருக்காங்க. வேலி தாண்டி வர்றவனைச் சுடச் சட்டம் அனுமதிக்குதுன்னு ஒரு நம்பிக்கை. கிடையாது சாமி. சொத்தைக் காக்கிறதுக்காக ஒருத்தன் உயிரை எடுக்கிற உரிமை எப்போன்னு முந்தி இ.பி.கோ 103-வது பிரிவு சொன்னது, 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 41-வது பிரிவு. கொள்ளை, ராத்திரியில வீட்டை உடைச்சுப் புகுறது, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்கிறது, இந்த மாதிரி. வெறும் திருட்டுன்னா, நம்ம உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்துன்னு நியாயமாப் பயப்படுற நிலைமை இருந்தாகணும். அதையும் தேவைக்கு மேல ஒரு இழை கூடாம செஞ்சேன்னு கோர்ட்ல நிக்கணும். மோட்டாரைக் கழட்டிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டா கொலைகாரன் நீங்கதான். சஸ்பென்ஷன், கேஸ், வக்கீல் ஃபீஸ், பிள்ளைங்க படிப்பு எல்லாம் அந்த ஒரு ஹெச்பி மோட்டாருக்காக.

பேங்க்ல மட்டும் துப்பாக்கி வெச்சிருக்கீங்களேன்னு கேப்பீங்க. கேளுங்க, இதுக்குத்தான் காத்திருக்கேன். எங்க கார்டு எக்ஸ்-சர்வீஸ்மேன். பட்டாளத்துல வருஷக் கணக்கா அதோட படுத்து எழுந்தவர். அவரே தினமும் காலையில குழலைத் திறந்து காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார், ஒரு நாள் விட்டதில்லை. ஸ்ட்ராங் ரூம் சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கும், ஜாயின்ட் கஸ்டடி. நான் மட்டும் நினைச்சாத் திறக்க முடியாது, கேஷியர் மட்டும் நினைச்சாலும் முடியாது. பணத்துக்கே இந்த ஏற்பாடு. ஏன்? எந்த மனுஷனும் ஒரு நாள் கோபப்படுவான், குடிப்பான், தூக்கக் கலக்கத்துல இருப்பான், கடன் தொல்லையில புத்தி தடுமாறி நிப்பான். அந்த ஒரு நாளுக்காகத்தான் ரெண்டாவது சாவி. வீட்டுத் துப்பாக்கிக்கு ரெண்டாவது சாவி யார்கிட்ட? நல்லா யோசிங்க. வெளிய இருந்து வர்ற திருடனைப் பத்தியே பேசறோம். வீட்டுக்குள்ள மனசு உடைஞ்சு உக்காந்திருக்கிறவங்களைப் பத்திப் பேசறதில்லை. எத்தனை வீட்டுல நம்ம பிள்ளைங்க பன்னிரண்டாம் கிளாஸ் ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி தூங்காம இருக்கு?

இனி சொல்லப் போறதை ரொம்ப நாள் தங்கமணிகிட்டகூடச் சொன்னதில்லை.

2016 ஜனவரி. பனின்னா பனி, கையை நீட்டினா விரல் தெரியாது. விடியற்காலை அஞ்சு மணி இருக்கும். பின்பக்கம் சரசரன்னு சத்தம். அவரைப் பந்தல் ஆடுது. 2013 ஞாபகம் வந்துடுச்சு. பீரோவைத் திறந்து எடுத்தேன், தோட்டாவைப் போட்டேன், கதவைச் சத்தமில்லாமத் திறந்தேன். பந்தலுக்கு அடியில ஒரு உருவம், தலையோட போத்தியிருக்கு, குனிஞ்சு எதையோ பண்ணுது. "கௌன் ஹை?" பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன். அசையக்கூட இல்லை. துப்பாக்கியைத் தூக்கிட்டேன். விரல் விசை மேல இருந்தது. அந்தக் குளிர்லயும் வேர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த உருவம் மெதுவா நிமிர்ந்தது. கையில ஒரு சின்னப் பித்தளைத் தட்டு. தட்டுல என் வீட்டுச் செம்பருத்தி நாலு. மூணாவது வீட்டு மாதாஜி! எழுபது வயசுக்கு மேல, காது சுத்தமாக் கேக்காது. பூஜைக்குப் பூப்பறிக்க வந்திருக்காங்க. வடக்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், விடியற்காலையில அடுத்தவங்க தோட்டத்துல பூப்பறிக்கிறது இங்கே திருட்டே இல்லை, கிட்டத்தட்ட உரிமை. பக்கத்துல கேட் திறந்துதான் இருந்தது. பந்தல்ல சால்வை மாட்டிக்கிட்டதால ஆடியிருக்கு.

என்னைப் பாத்தாங்க, கையில இருந்ததைப் பாத்தாங்க. பயப்படவே இல்லை, அதுதான் கொடுமை. சம்பல்காரங்களுக்கு அது குடை மாதிரி. "குரங்கு வந்துச்சா பேட்டா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. நான் படியில உக்காந்து தோட்டாவை வெளிய எடுக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு, கை ஆட்டத்துல.

அன்னைக்கே வித்திருக்கணும்ல? விக்கலை. மூணு வருஷம் வெச்சிருந்தேன். வித்தா டாக்குர் சாப் என்ன நினைப்பார்னு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அதுதான் காரணம், வேற ஒண்ணுமே இல்லை.

2018 ஏப்ரல் 2, பாரத் பந்த். இங்கே இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. குவாலியர், பிண்ட், மொரேனா எல்லா இடத்துலயும் துப்பாக்கிச் சத்தம், உயிர்ப்பலி, அப்புறம் ஊரடங்கு. வாழ்க்கையிலேயே துப்பாக்கி தேவைப்படும்னா அந்த நாள்தான்னு நீங்க சொல்வீங்க. நான் அன்னைக்கு என்ன பண்ணேன் தெரியுமா? பீரோவுக்குள்ள இருந்ததை எடுக்கவே இல்லை, அது மேல இன்னொரு பூட்டுப் போட்டேன். பிள்ளைங்களை ஜன்னல் இல்லாத ரூம்ல உக்கார வெச்சுட்டுத் தாயம் விளையாடினோம். கையில எடுத்துட்டு வாசல்ல நின்னா நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்னு ஆயிடும்னு பயம்.

கடைசியா முடிச்சு வெச்சது பையன். 2019 தேர்தல் முடிஞ்சு ஸ்டேஷன்ல இருந்து திரும்பி வாங்கிட்டு வந்தேன். பீரோ சாவியைக் காணோம்னு தேடிட்டிருக்கேன். பதிமூணு வயசுப் பையன் மொபைல்ல இருந்து தலையைத் தூக்காம, "முருகன் படத்துக்குப் பின்னாடிதானேப்பா எப்பவும் வெப்பே" அப்படிங்கிறான். அஞ்சு வருஷமா நான் ரகசியம்னு நினைச்சுட்டிருந்த இடம். உனக்கு எப்படிடா தெரியும்னா, "எல்லாருக்கும் தெரியுமே" அப்படின்னான். எல்லாருக்கும்னா யாரெல்லாம்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை. அடுத்த வாரமே கடைக்காரர்கிட்ட வித்துட்டு, லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தேன். வாங்கின விலையில பாதிகூடத் தேறலை. பரவால்லை, இதைவிட மோசமான வாராக்கடனையெல்லாம் ரைட்-ஆஃப் பண்ணவன்தான்.

டாக்குர் சாப்? ஒரு மாசம் சரியாப் பேசலை. அப்புறம் டிசம்பர்ல அவரைக்காய் கொடுத்து விட்டேன், அவங்க வீட்டுல இருந்து பதிலுக்குச் சர்சோன் சாக் வந்தது. அவ்வளவுதான் அந்த மரியாதை போன கதை. அவர்கிட்டயே முந்தி மூணு இருந்தது. 2019 டிசம்பர்ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஒருத்தருக்கு ரெண்டுதான்னு ஆக்கினப்போ ஒண்ணைக் கொடுக்க வேண்டியதாச்சு. அதே திருத்தத்துல கல்யாண வீட்டுல ஆனந்தமாச் சுடுறதுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட உண்டுன்னு போட்டாங்க. மரியாதைக்காகச் சுட்டுச் சுட்டு மாப்பிள்ளை வீட்டாரையே சாகடிச்சதாலதானே சட்டமே வர வேண்டியிருந்தது? இதையா நாம இங்கே வந்து கத்துக்கணும்? ஹிந்தி கத்துக்கோங்க, பாஜ்ரா ரொட்டி சுடக் கத்துக்கோங்க, பதுவாக் கீரையில பருப்புக் கடையக் கத்துக்கோங்க (நம்ம சக்கரவர்த்திக் கீரைதான் அது, குளிர்காலத்துல தோட்டத்துல களையா மண்டும், பிடுங்கி எறியாதீங்க). அண்டை வீட்டான் இளக்காரமாப் பாக்கிறான்னு ஒரு பொருளை வாங்கிட்டு வந்து பிள்ளைங்க படுக்கிற ரூமுக்கு அடுத்த ரூம்ல வைக்கிறது கத்துக்கிறது இல்லை, அடிமைத்தனம்.

அதுக்கப்புறம் திருட்டே போகலையான்னு கேக்காதீங்க. போச்சு. 2022-ல மோட்டாரைக் கழட்டிட்டாங்க, நாங்க வீட்டுல தூங்கிட்டிருக்கும்போதே. இன்ஷூரன்ஸ்ல பாதி வந்தது. இப்போ மோட்டாருக்கு இரும்புக் கூண்டு அடிச்சிருக்கேன். பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்குப் பட்டை, தோட்டத்துல ரெண்டு சோலார் விளக்கு, தெருவுக்குப் பொதுவா ஒரு கூர்க்கா, மாசம் வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கிறோம். நகையும் பத்திரமும் லாக்கர்ல. (எங்க பேங்க்லதான் எடுக்கணும்னு இல்லை!)

மே மாசம் ஊருக்குப் போகும்போது தோட்டத்துக்குத் தண்ணி விடறது யார் தெரியுமா? மாதாஜியும் அவங்க பேத்தியும். காலையில பூவுக்கு வருவாங்க, அப்படியே குழாயைத் திறந்து விடுவாங்க. தினமும் ரெண்டு வேளை ஆள் நடமாட்டம் இருக்கிற வீடு பூட்டின வீடு மாதிரித் தெரியாது. போன வருஷம் யாரோ ரெண்டு பேர் மீட்டர் பாக்கணும்னு பின்பக்கம் வந்திருக்காங்க. காது கேக்காத கிழவி போட்ட கூச்சல்ல டாக்குர் சாப் வெளிய வந்துட்டார். வெறுங்கையோட, பனியன் லுங்கியில.

தம்பி, நீங்க ட்ரெயின் ஏறறதுக்கு முந்தி, வர்ற சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வாங்க. மழை வர இன்னும் ஒரு மாசம் இருக்கு, பாத்தி கொத்தி எரு போட இதுதான் நேரம். அவரை விதை, சீனியவரை விதை எடுத்து வெச்சிருக்கேன். என்கிட்ட பழைய வலை ஒரு பத்தடி மிச்சம் இருக்கு, கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, தெச்சுக்கலாம். அந்த ஃபாரத்தையும் வேணும்னா கொண்டு வாங்க. வரும்போது உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட கேட்டீங்களான்னு நான் அன்னைக்குக் கேக்க மறந்துட்டேன்.